தலைமையாசிரியரின் பாணியும் ஆசிரியரின் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரிந்த காட்சி. ஆசிரியர்கள் அதே ஆட்கள், பிள்ளைகள் அதே பிள்ளைகள், பாடப்புத்தகமும் அதேதான். தலைமையாசிரியர் மட்டும் மாறுகிறார். ஆறு மாதத்தில் ஆசிரியர் அறையின் பேச்சே வேறாகிவிடுகிறது. எந்த மாதிரித் தலைமை ஆசிரியரின் வேலையை உயர்த்துகிறது, எது அமுக்குகிறது என்று ஆசிரியர்களும், புதிதாகப் பொறுப்பேற்றவர்களும், கல்வியியல் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பள்ளி முதல்வர், தலைமையாசிரியர் இரண்டு பெயரும் இங்கே ஒருவரைத்தான் குறிக்கும்.

தலைமைத்துவப் பாணி என்று எதைச் சொல்கிறீர்கள்? அது ஒருவருடைய சுபாவம்தானே?

சுபாவம் அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். சத்தமாகப் பேசுகிறாரா, கூச்சப்படுகிறாரா என்பதை வைத்துப் பாணியைச் சொல்லிவிட முடியாது. முடிவை யார் எடுக்கிறார், தகவல் யாருக்கு எப்போது போய்ச் சேருகிறது, தவறு நடந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன, தலைமையாசிரியரின் நாள் எதில் கழிகிறது: இந்த நான்கிலும் ஒருவர் வழக்கமாக எப்படி நடந்துகொள்கிறாரோ அதுதான் பாணி. சிரித்துப் பேசிக்கொண்டே எல்லா முடிவையும் தானே எடுப்பவர் உண்டு. முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் கால அட்டவணையை ஆசிரியர்களையே போட்டுக்கொள்ளச் சொல்பவரும் உண்டு. யார் எந்த வகை என்பதை ஆசிரியர்கள் சில வாரங்களிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதில் எத்தனை வகை?

புத்தகத்துக்குப் புத்தகம் எண்ணிக்கை மாறும். அடிக்கடி காதில் விழும் சில பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

பழையது, இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது, கர்ட் லெவினும் அவருடைய சகாக்கள் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட்டும் 1939இல் வெளியிட்ட ஆய்வு. அதிலிருந்து வந்தவைதான் சர்வாதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, தலையிடாத் தலைமை என்ற மூன்று பெயர்களும்.

1978இல் ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ் வேறு ஒரு கோடு போட்டார். வேலைக்கு ஈடாக எதையாவது கொடுத்து நடத்துவது பரிமாற்றத் தலைமை. ஆட்களின் நோக்கத்தையே உயர்த்தி அவர்களை வளர்த்தெடுப்பது மாற்றத்தை உண்டாக்கும் தலைமை. அரசியல் தலைவர்களை மனதில் வைத்து அவர் எழுதியதை, 1985இல் பெர்னார்ட் பாஸ் நிறுவனங்களுக்கு ஏற்றபடி விரித்து, அளக்கவும் வழி செய்தார்.

இவை எல்லாம் எந்த நிறுவனத்துக்கும் பொருந்துபவை. பள்ளிக்கென்றே பிறந்தது கற்பித்தல் சார்ந்த தலைமை. ஃபிலிப் ஹாலிங்கரும் ஜோசஃப் மர்ஃபியும் 1985இல் இதை மூன்று கூறுகளாகப் பிரித்தார்கள்: பள்ளி எதை நோக்கிப் போகிறது என்பதைத் தெளிவாக்குவது, கற்பித்தலைத் திட்டமிட்டுக் கவனிப்பது, கற்கத் தோதான சூழலை உண்டாக்குவது. அப்புறம், பொறுப்பைப் பலர் கையில் பரவவிடும் பகிர்வுத் தலைமை. 2000க்குப் பிறகு அதிகம் பேசப்படுவது இதுதான்.

தலைமையாசிரியர் என் வகுப்புக்குள் வருவதே இல்லை. பின்னே அவர் பாணி என் வேலையை எப்படி மாற்றும்?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். ஏனென்றால் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

லெவின் குழுவின் ஆய்வுக்கே போவோம். பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு சிறு பொழுதுபோக்குக் குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவையும் ஒரு பெரியவர் குறிப்பிட்ட ஒரு பாணியில் நடத்தினார். சர்வாதிகாரப் பாணியில் நடந்த சில குழுக்களில் வேலை மும்முரமாகவே நடந்தது, தலைவர் அறையில் இருந்தவரை. அவர் வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. ஜனநாயகப் பாணிக் குழுவில் தலைவர் இருந்தாலும் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஆசிரியரின் வேலை முழுக்கத் தலைமையாசிரியர் இல்லாத அறையில்தான் நடக்கிறது. பாடவேளை தொடங்கியதும் கதவு மூடிவிடும். ஒரு மாணவி தவறான விடை சொன்னபோது அடுத்த பிள்ளையிடம் தாவுவதா, அல்லது நின்று ‘எப்படி யோசித்தாய்?’ என்று கேட்பதா என்பதை எந்தச் சுற்றறிக்கையும் தீர்மானிக்க முடியாது. ஒரு நாளில் இப்படி நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முடிவுகள். எல்லாமே கண்காணிப்புக்கு வெளியே.

அதனால் தலைமையாசிரியரின் செல்வாக்கு சுற்றி வளைத்துத்தான் வகுப்பறைக்குள் வரும். பாடம் தயாரிக்க நேரம் கிடைத்ததா? அதே பாடத்தை எடுக்கும் சக ஆசிரியரோடு உட்கார்ந்து பேச ஒரு பாடவேளை உண்டா? புது முறையை முயன்று சொதப்பினால் என்ன நடக்கும்? பெற்றோர் கோபமாக வந்து நின்றால் முதலில் யார் எதிர்கொள்வார்? சகாக்களோடு லெவின் தந்த மூன்று பெயர்களையும் மறந்துவிட்டு இந்தக் கேள்விகளை மட்டும் கேட்டாலே ஒரு பள்ளியின் தலைமையைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

நான் ஒரு பள்ளிக்குள் நுழைந்தால் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றே ஒன்று: “இன்று என் வகுப்பு சரியாகப் போகவில்லை” என்று ஓர் ஆசிரியர் தன் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்ல முடியுமா?

சரி, எவ்வளவு பாதிப்பு? எண்ணில் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். பள்ளிக்குள் இருக்கும் காரணிகளில் மாணவரின் கற்றலை அதிகம் பாதிப்பது வகுப்பறைக் கற்பித்தல், அடுத்த இடம் தலைமைக்கு என்று கென்னத் லீத்வுட் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. 2021இல் ஜேசன் கிரிசம், அன்னா எகலைட், கான்ஸ்டன்ஸ் லின்ட்சே மூவரும் அமெரிக்கத் தரவுகளை வைத்து இன்னும் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். நூறு தலைமையாசிரியர்களைத் திறன்படி வரிசையில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். கீழிருந்து 25ஆவது இடத்தில் இருப்பவருக்குப் பதிலாக 75ஆவது இடத்தில் இருப்பவர் ஒரு பள்ளிக்கு வந்தால், சராசரி மாணவருக்கு ஓராண்டில் ஏறக்குறைய 3 மாதக் கற்றல் கூடுதலாகக் கிடைக்கிறது. நல்ல ஆசிரியர் ஒருவரால் கிடைக்கும் பலனைவிட இது சற்றுத்தான் குறைவு. ஆனால் ஆசிரியரின் பலன் அவர் வகுப்போடு நின்றுவிடும். தலைமையாசிரியரின் பலன் பள்ளியிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும்.

அப்படியானால் எந்தப் பாணி நல்லது?

2008இல் விவியன் ராபின்சன், கிளேர் லாயிட், கென்னத் ரோவ் மூவரும் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விளைவை ஓர் எண்ணாகச் சொன்னார்கள்: பூஜ்யம் என்றால் விளைவு இல்லை, எண் கூடக் கூட விளைவு பெரிது. மாணவர் கற்றலின் மீது, ‘மாற்றத்தை உண்டாக்கும் தலைமை’யின் விளைவு 0.11 என்ற அளவில் இருந்தது. கற்பித்தல் சார்ந்த தலைமைக்கு 0.42. கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இதைப் படித்ததும் ஊக்கமூட்டும் பேச்செல்லாம் வீண் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது அவசரம். ஆசிரியரின் பணித்திருப்தி, ஈடுபாடு, பள்ளியோடு ஒட்டுதல் ஆகியவற்றை அளக்கும் ஆய்வுகளில் மாற்றத்தை உண்டாக்கும் தலைமைக்கு நல்ல தொடர்பு தெரிகிறது. ராபின்சன் குழு அளந்தது மாணவர் கற்றலை. ஆசிரியர் உற்சாகமாக இருப்பதும் ஆசிரியர் கற்பிப்பது மேம்படுவதும் இரண்டு வேறு விஷயங்கள். முதலாவது இரண்டாவதற்கு உதவும், ஆனால் தானாக அங்கே கொண்டுபோய் விட்டுவிடாது. நல்ல பேச்சைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்த ஆசிரியர், மறுநாள் பின்னங்களை அதே பழைய முறையில்தான் நடத்துவார், வேறு வழி யாரும் அவரோடு உட்கார்ந்து பேசாதவரை.

அந்த ஆய்வில் என்னை யோசிக்க வைத்தது இன்னொரு எண். தலைமையாசிரியர் செய்யும் வேலைகளை ஐந்து வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் விளைவைக் கணக்கிட்டிருந்தார்கள். அதிகபட்சம் 0.84. அது ஆசிரியர்கள் தொழில்ரீதியாகக் கற்றுக்கொள்ள வழி செய்து, தானும் அதில் பங்கெடுப்பதற்கு. கடைசி இரண்டு சொற்களைக் கவனியுங்கள். பயிற்சியை ஏற்பாடு செய்து, தொடக்கி வைத்து, ஐந்து நிமிடத்தில் “கொஞ்சம் வேலை இருக்கிறது” என்று எழுந்து போவது இதில் சேராது. கடைசி வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவது சேரும்.

கண்டிப்பான தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியில்தான் வேலை ஒழுங்காக நடக்கிறது. இதை மறுக்க முடியுமா?

கண்ணுக்குத் தெரியும் வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதை மறுக்கவில்லை. மணி அடித்ததும் ஆசிரியர்கள் வகுப்பில் இருப்பார்கள். பாடக்குறிப்பு ஏடு திங்கட்கிழமை காலையில் மேசைக்கு வந்துவிடும். பதிவேடுகள் பளிச்சென்று இருக்கும். ஒழுங்கே இல்லாமல் கிடந்த பள்ளிக்கு இது பெரிய முன்னேற்றம்தான். பாதுகாப்பு, நேரம் தவறாமை, பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பன போன்றவற்றில் விவாதமே தேவையில்லை. சொல்ல வேண்டும், நடக்க வேண்டும்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. பயத்தில் இருப்பவர் முதலில் நிறுத்துவது முயற்சியை. புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தால் முதல் தடவை சத்தம் வரும், நேரம் இழுக்கும், பாதி தோற்கும். தலைமையாசிரியர் அந்தப் பக்கம் நடந்து போகும்போது வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியானால், குழுச் செயல்பாடு போய்விடும், கரும்பலகையைப் பார்த்து எழுதுவது வந்துவிடும். அமைதி கிடைத்துவிட்டது. கற்றல்?

இரண்டாவது, எண்களுக்கு நேரும் கதி. ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்கத் தொடங்கினால், அந்த எண்ணே வளைக்கப்படும் என்று டொனால்ட் கேம்ப்பெல் 1970களில் சொன்னார். தேர்ச்சி விகிதம் ஒன்றையே கேட்டு மேசையைத் தட்டும் தலைமையாசிரியருக்குத் தேர்ச்சி விகிதம் கிடைக்கும். தேர்ச்சியின் விளிம்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கவனம், வராத பாடம் ‘நடத்தியாயிற்று’ என்று பதிவேட்டில், தேர்வுக்கு வராத பகுதிகள் மூட்டை கட்டி ஓரத்தில். யாரும் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து வேலைக்கு வருவதில்லை. உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று தெரிந்த இடத்தில் உண்மை மெல்லக் குறையும். கடைசியில் பள்ளியைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவர் தலைமையாசிரியராகத்தான் இருப்பார்.

எங்கள் தலைமையாசிரியர் தங்கமான மனிதர். எதிலும் தலையிட மாட்டார். இது நல்லதுதானே?

நிம்மதியாக இருக்கும். ஆனால் தலையிடாமையும் சுதந்திரம் தருவதும் ஒன்றல்ல. சுதந்திரம் தருபவர் இலக்கு என்ன என்பதைப் பேசிவிட்டு, வழியை உங்களிடம் விடுவார், இடையில் எப்படிப் போகிறது என்று கேட்பார். தலையிடாதவர் எதையுமே கேட்க மாட்டார். திறமையான ஆசிரியர்கள் சில காலம் இதில் நன்றாகவே ஓடுவார்கள். சண்டை வரும்போதுதான் குறை தெரியும்: ஒருவர் தொடர்ந்து வகுப்புக்குத் தாமதமாக வருகிறார், அவர் பிள்ளைகளின் சத்தம் பக்கத்து அறையைக் கெடுக்கிறது, யாரும் எதுவும் சொல்வதில்லை. ஒழுங்காக வேலை செய்பவர்தான் முதலில் சலித்துப்போவார். பாஸின் வழியில் வந்த ஆய்வுகளிலும் மிக மோசமான விளைவுகளோடு இந்தப் பாணிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

வகுப்பைப் பார்க்க அடிக்கடி சுற்றி வந்தால் ஆசிரியர்கள் மேம்படுவார்களா?

சுற்றி வருவதால் மட்டும் இல்லை. ஜேசன் கிரிசம், சூசன்னா லோப், பெஞ்சமின் மாஸ்டர் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஓர் அமெரிக்க மாநகர்ப் பள்ளி மாவட்டத்தில் சுமார் 100 தலைமையாசிரியர்களின் நாளை ஆட்களை விட்டே நேரடியாகப் பார்த்துக் குறித்தார்கள். ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவதில் செலவான நேரம் கூடினால் மாணவர் முன்னேற்றமும் கூடியிருந்தது. வகுப்புக்கு வகுப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் குறுஞ்சுற்றில் செலவான நேரத்துக்கு எதிர்மறைத் தொடர்பு, அதுவும் உயர்நிலைப் பள்ளிகளில் கூடுதலாக. தலைமையாசிரியர்கள் பலர் அந்தச் சுற்றை ஆசிரியர் வளர்ச்சிக்குப் பயன்படுத்தாதது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. கதவருகே மூன்று நிமிடம் நின்று, ஏதோ குறித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனால் ஆசிரியருக்குக் கிடைப்பது அன்றைய நாள் முழுவதற்குமான சந்தேகம் மட்டுமே. வந்ததற்கு மதிப்பு அதற்கு அப்புறம் நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சு எப்படி இருக்கலாம்?

அன்றோ மறுநாளோ நடந்துவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து வரும் கருத்து பிரேதப் பரிசோதனை போன்றது. தீர்ப்பில் தொடங்காமல் பார்த்ததில் தொடங்கலாம்: “நீங்கள் கேட்ட பத்துக் கேள்விகளில் எட்டுக்கு முன்வரிசைப் பிள்ளைகள்தான் பதில் சொன்னார்கள், கவனித்தீர்களா?” இதற்கு ஆசிரியர் கோபப்பட மாட்டார், யோசிப்பார். “மாணவர் பங்கேற்பு போதாது” என்று ஏட்டில் எழுதினால் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். ஒரே ஒரு விஷயத்தைப் பேசினால் போதும். ஏழு குறைகளைச் சொன்னால் ஏழையும் தற்காத்துக்கொள்வதில்தான் அவர் மூளை வேலை செய்யும். பிறகு அந்த ஒன்றைப் பார்க்க மறுபடி வர வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான்.

இன்னொன்று. மதிப்பீட்டுக்காக வருவதும் உதவிக்காக வருவதும் ஒரே ஏட்டில் பதிவாகக் கூடாது. இன்று பேசியது நாளை ஆண்டு அறிக்கையில் வரும் என்றால் யார் வாயைத் திறப்பார்?

புதியவரையும் இருபது வருட அனுபவசாலியையும் ஒரே மாதிரி நடத்தலாமா?

கூடாது. சூழலுக்கேற்ற தலைமை என்று பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் 1960களின் முடிவில் சொன்னதன் சாரம் இதுதான்: ஆளின் திறமையையும் மனநிலையையும் பார்த்து, சொல்லித்தருவதிலிருந்து பொறுப்பை ஒப்படைப்பது வரை பாணி நகர வேண்டும். கேட்க எளிது. நடைமுறையில் இது தலைகீழாக நடப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். புதிதாக வந்தவரிடம் யாரும் விரும்பாத வகுப்பைக் கொடுத்து “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிடுவார்கள். இருபது வருடம் கணக்கு எடுத்தவரிடம் பாடக்குறிப்பை எந்த நிற மையில் எழுத வேண்டும் என்று சொல்வார்கள்.

அனுபவசாலி வளர மாட்டார் என்பதும் பொய். மேத்யூ கிராஃப்டும் ஜான் பேப்பேயும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் ஆசிரியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பணிச்சூழல் நன்றாக இருந்த பள்ளிகளின் ஆசிரியர்கள், சூழல் மோசமாக இருந்த பள்ளிகளின் ஆசிரியர்களைவிட பத்தாண்டுகளில் 38 சதவீதம் அதிகமாக முன்னேறியிருந்தார்கள். “அவர் அவ்வளவுதான், மாற மாட்டார்” என்று ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் பத்து வருடம் எங்கே இருந்தார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

பரிசு, சான்றிதழ், ஊக்கத்தொகை கொடுத்தால்?

நியாயமான சம்பளமும் நேரத்துக்குக் கிடைக்கும் விடுப்பும் அடிப்படை. அது சரியில்லாமல் மற்றதைப் பேசுவது வீண். அதற்கு மேல் பரிசு வேலை செய்வது எண்ணிச் சொல்லக்கூடிய வேலைகளில். கற்பித்தலில் பரிசு எதற்குக் கிடைக்கிறதோ அதை மட்டும் செய்யும் பழக்கம் வரும், கூடவே பக்கத்து ஆசிரியரிடம் நல்ல வினாத்தாளைக் காட்டாமல் மறைக்கும் பழக்கமும். எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதரை உள்ளிருந்து இயக்குபவை என்று மூன்றைச் சொன்னார்கள்: தன் விருப்பப்படி செயல்பட இடம், ‘எனக்கு இது வருகிறது’ என்ற உணர்வு, சக மனிதரோடு ஒட்டுதல். மேடையில் வருடத்துக்கு ஒரு சால்வையைவிட, “நேற்று அந்தப் பையனை நீங்கள் பேச வைத்த விதத்தைப் பார்த்தேன்” என்ற ஒரு வரி அதிக நாள் தாங்கும். எல்லோரையும் தினமும் “சூப்பர்” என்று சொல்பவரின் பாராட்டுக்கு மட்டும் மதிப்பில்லை.

ஆசிரியர்களை எல்லா முடிவுகளிலும் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம், அவர்களே விரும்ப மாட்டார்கள். எட்வின் பிரிட்ஜஸ் 1967இல் இதற்கு இரண்டு கேள்விகள் வைத்தார். இந்த முடிவு ஆசிரியரை நேரடியாகப் பாதிக்கிறதா? இதில் அவருக்குச் சொல்லத் தெரிந்தது ஏதும் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் கட்டாயம் கூப்பிடுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அவர் நேரத்தை வீணாக்காதீர்கள். கழிப்பறைக் குழாய் ஒப்பந்தத்துக்கு ஒரு மணி நேரக் கூட்டம் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு யார் எந்த வகுப்பு என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பள்ளிகள் இருக்கின்றன.

இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு: முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது. ஆசிரியர்கள் ஒரு தடவை ஏமாறுவார்கள். இரண்டாவது கூட்டத்திலிருந்து தலையாட்டுவார்கள்.

நம்பிக்கை, நம்பிக்கை என்கிறார்கள். அதை எப்படி உண்டாக்குவது?

சிகாகோ பள்ளிகளை நீண்டகாலம் ஆராய்ந்த ஆன்டனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002இல் பள்ளி நம்பிக்கையை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள்: மரியாதை, தனிப்பட்ட அக்கறை, வேலையில் திறமை, சொல்லும் செயலும் ஒன்றாக இருப்பது. நாம் பொதுவாக முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் கால அட்டவணையில் வாரம் தவறாமல் இரண்டு வகுப்பு மோதினால், எவ்வளவு அன்பான தலைமையாசிரியராக இருந்தாலும் நம்பிக்கை கரையும். நிர்வாகத் திறமையும் நம்பிக்கையின் ஒரு பகுதிதான்.

நல்ல ஆசிரியர்கள் பள்ளியை விட்டுப் போவதற்கும் தலைமைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ரிச்சர்ட் இங்கர்சால் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு பெறுவதைவிட வேலையில் திருப்தியின்மையால் போனவர்கள் அதிகம். சம்பளத்தோடு, நிர்வாகத்தின் ஆதரவு இல்லாமை, மாணவர் ஒழுங்கு, முடிவுகளில் இடமில்லாமை ஆகியவை காரணங்களில் வந்தன. இடமாற்றம் கேட்கும் விண்ணப்பத்தில் ‘குடும்பச் சூழல்’ என்றுதான் எழுதியிருக்கும்.

அலுவல் வேலைக்கே நேரம் போதவில்லை. கற்பித்தல் சார்ந்த தலைமைக்கு எங்கே போவது?

உண்மையான புகார் இது. மேலே சொன்ன 2013 ஆய்விலும் தலைமையாசிரியர்கள் கற்பித்தல் சார்ந்த வேலைகளுக்குச் செலவிட்டது தங்கள் நேரத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதி கோப்பு, கூட்டம், பெற்றோர், ஒழுங்குப் பிரச்சினை. இதற்கு மந்திரம் இல்லை. வாரத்தில் இரண்டு பாடவேளையை வகுப்புக்கும் அதன் பின்னான பேச்சுக்கும் என்று கால அட்டவணையிலேயே போட்டுவிடுவது, அந்த நேரத்தில் வரும் தொலைபேசியை வேறொருவர் எடுப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வழி. கணிதம் தெரியாத தலைமையாசிரியர் கணித வகுப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதும் இல்லை. அந்தப் பாடத்தின் மூத்த ஆசிரியரை அனுப்பி, அவர் வகுப்பைத் தான் பார்த்துக்கொள்ளலாம். பகிர்வுத் தலைமை என்பதன் எளிய வடிவம் இதுதான்.

நான் ஆசிரியர். தலைமையாசிரியரை மாற்ற என்னால் முடியாது. என்ன செய்வது?

அவரை மாற்ற முடியாதுதான். பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்: மாதம் ஒரு தடவை நான் உங்கள் வகுப்பில் உட்காருகிறேன், நீங்கள் என் வகுப்பில். அனுமதி கேட்கும்போது “எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று கேளுங்கள், சர்வாதிகாரிகூட அதற்கு மறுப்புச் சொல்லத் தயங்குவார். எதையாவது எதிர்க்க வேண்டுமானால் கூட்டத்தில் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். குறையோடு ஒரு மாற்று வழியையும் எடுத்துப் போங்கள். சிலரிடம் இதுவும் பலிக்காது. அப்போது உங்கள் வகுப்பைக் காப்பாற்றிக்கொள்வதே போதுமான வேலை.

இதே தலைப்பில் ஆய்வு செய்யப்போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இந்தத் தலைப்பில் வரும் ஆய்வேடுகளில் பாதி ஒரே அச்சில் வார்த்தவை. ஆசிரியர்களிடம் ஒரு வினாத்தாள்: ‘உங்கள் தலைமையாசிரியர் எப்படி?’ அதே ஆசிரியரிடம், அதே நாளில் இன்னொன்று: ‘உங்கள் பணித்திறன் எப்படி?’ இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் நேர்மறைத் தொடர்பு. வராமல் என்ன செய்யும்? அன்று நல்ல மனநிலையில் இருப்பவர் இரண்டுக்கும் உயர்ந்த மதிப்பெண் போடுவார். தன் பணித்திறன் மோசம் என்று வட்டமிடுபவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

முடிந்தால் இரண்டையும் வேறு வேறு ஆட்களிடமிருந்து எடுங்கள். பாணியை ஆசிரியர்கள் சொல்லட்டும். பணியை வகுப்பறை உற்றுநோக்கலோ மாணவர் நோட்டுப் புத்தகங்களோ சொல்லட்டும். ‘பணித்திறன்’ என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். வருகையா, கற்பித்தலா, மாணவர் கற்றலா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறாக வரும். காரணம் எது, விளைவு எது என்பதிலும் அவசரம் வேண்டாம். நல்ல ஆசிரியர்கள் கிடைத்ததால் தலைமையாசிரியர் ஜனநாயகவாதியாக மாறியிருக்கலாம். ஒரே பள்ளியில் தலைமையாசிரியர் மாறுவதற்கு முன்னும் பின்னும் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், நூறு பள்ளிகளில் ஒரு நாள் வினாத்தாள் கொடுப்பதைவிட அது மேல்.

இத்தனை வருடப் பழக்கத்தை ஒரு தலைமையாசிரியர் மாற்றிக்கொள்ள முடியுமா?

சுபாவத்தை மாற்றச் சொன்னால் முடியாது. நாளின் சில வேலைகளை மாற்றச் சொன்னால் முடியும். கண்டிப்பானவர் திடீரென்று ஒரு திங்கட்கிழமை “இனி எல்லோரும் மனம் திறந்து பேசலாம்” என்று அறிவித்தால் அறை இன்னும் இறுகத்தான் செய்யும். அதற்குப் பதில், அடுத்த கூட்டத்தில் சுற்றறிக்கைகளை வாசிப்பதை நிறுத்திவிட்டு, தானே சமீபத்தில் எடுத்து, தப்பாகப் போன ஒரு முடிவைச் சொல்லி, “இதை எப்படிச் செய்திருக்கலாம்?” என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் தடவை யாரும் பேச மாட்டார்கள். மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். இரண்டாவது கூட்டத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஓய்வுக்குச் சில மாதமே இருக்கும் மூத்த ஆசிரியர், மெதுவாக ஏதாவது சொல்வார். மற்றவர்கள் அவரைப் பார்க்க மாட்டார்கள், தலைமையாசிரியரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.